பாயிரம் பெறாத பனுவல்கள்: தொடக்ககால வீட்டுக் கணினி விளையாட்டுகளும் தமிழ் மென்பொருள் ஆக்கியோரும்

நூலின் புறத்தே நின்று நூலை அறிமுகம் செய்வது பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வகுத்த இலக்கணம். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர். பாயிரம் இல்லாத ஒன்றை நூலென ஏற்க நன்னூலார் இசைவதில்லை. இக்கொள்கையை ஒரு வாழ்த்துரை மரபாக மட்டும் கண்டு கடந்து செல்வது நம் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது ஒரு திறனாய்வுக் கருவி. ஒரு படைப்பைப் பற்றி எவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே அதனை மதிப்பிடலாம் என்பதற்கான வினாநிரல் அது.

1980களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் தனிமனிதர் சிலர் வீட்டுக் கணினிகளுக்கென ஆக்கிய விளையாட்டுகளை இவ்வினாநிரலின் துணைகொண்டு வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது. அவ்வாசிப்பின் வழியாக, ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தமிழர் சிலர் தத்தம் இல்லங்களில் அமர்ந்து ஆக்கிய தமிழ் மென்பொருள்களை நம் இலக்கிய வரலாறு எங்கே வைத்திருக்கிறது என்னும் வினாவை எழுப்புவதே இதன் நோக்கம். தமிழ்த்துறை ஆய்விதழ் ஒன்றில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். பாண்டியும் பல்லாங்குழியும் நாட்டார் வழக்காற்றியலில் முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு உரியனவாயின. இரதபந்தம், நாகபந்தம் முதலிய சித்திரகவிகள் சொல் விளையாட்டுகளே எனினும் அணியிலக்கணத்தில் இடம்பெற்றன. ஆக்கியோன் ஒருவன் விதிகளைக் கட்டி, கேட்போன் அவ்விதிகளுக்குள் இயங்கிப் பொருள் கொள்ளும் எதுவும் நம் ஆய்வெல்லைக்குப் புறம்பானதன்று.

யாப்பும் சுருக்கமும்

கிளைவ் சிங்க்ளேரின் நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொணர்ந்த இசட்.எக்ஸ்.81 கணினியின் நினைவகம் 1 கிலோபைட். 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் 16, 48 கிலோபைட் என இரு வகையாக முறையே 125, 175 பவுண்டு விலைக்கு விற்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் இயங்கிய ஏகார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ 32 கிலோபைட் கொண்டது. இன்று ஒரு கைப்பேசி எடுக்கும் ஒற்றை நிழற்படத்தைக்கூட இம்மூன்றும் சேர்ந்து தாங்கமாட்டா. இத்தகைய கணினியில் டேவிட் ஹோர்ன் என்பார் சதுரங்க ஆட்டத்தை 672 பைட் அளவிற்குள் அடக்கினார். இருவர் ஆடும் சதுரங்கமன்று. கணினியே எதிராளியாக நின்று காய் நகர்த்தும் சதுரங்கம்.

இவ்வருஞ்செயலை வியப்போர், இட நெருக்கடியே இப்படைப்புகளை ஆக்கியது என்று முடித்துவிடுகின்றனர். அது பொருந்தாது. ஏழு சீர் என்னும் வரையறை திருக்குறளை இயற்றவில்லை, வள்ளுவர் இயற்றினார். அதே வரையறைக்குள் நின்று எழுதிப் பொருட்படுத்தத் தகாத குறட்பாக்களைத் தந்தோர் பலர். யாப்பு ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது. அவ்வாய்ப்பை எவர், எதன்பொருட்டு, எவ்வாறு பயன்கொண்டார் என்பதே திறனாய்வு கேட்க வேண்டியது.

1984 செப்டம்பரில் பி.பி.சி. மைக்ரோவுக்கென வெளியான 'எலீட்' இதற்குத் தக்க சான்று. டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர்கள். வான்வெளியில் கோள்விட்டுக் கோள்சென்று வணிகம் செய்தலும் கொள்ளையரோடு பொருதலும் இவ்விளையாட்டின் நுதலிய பொருள். இதில் எட்டு விண்மீன் மண்டலங்களும் மண்டலத்திற்கு 256 கோள்களும் உள்ளன. 2048 கோள்களின் பெயர், ஆட்சிமுறை, விளைபொருள், மக்களியல்பு ஆகியவற்றை எழுதிச் சேமிக்கக் கணினியில் இடமில்லை. ஆகவே ஆசிரியர்கள் கோள்களை எழுதவில்லை. கோள்களைப் பிறப்பிக்கும் விதியை எழுதினர். சில வித்தெண்களிலிருந்து, முந்தைய எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் முறையில், ஒவ்வொரு கோளும் வேண்டும்போது தோன்றும். ஈரெழுத்து அசைகள் சில விதிப்படி புணர்ந்து பெயராகும். நிலைத்த சொற்றொடர்களில் இடம்விட்டுச் சொற்களை மாற்றியமைத்தலால் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு விவரணை கிடைக்கும். ஒரு முறை கண்ட கோள் மறுமுறை செல்லும்போதும் அவ்வாறே இருக்கும். ஏனெனில் விதி மாறுவதில்லை.

இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளைக் கொண்டு எண்ணிறந்த பதங்களை விளக்கிக் காட்டும் நூலாசிரியனின் முறை இதுவே. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என யாப்பு நான்கு என்பர். தொகைவிரி என்பதை அதன் மரபுப் பொருளிலிருந்து சற்று நீக்கி, சொல்லின் நேர்ப்பொருளில் மட்டும் கொண்டால் எலீட்டின் யாப்பு அதுவே: தொகையாக வைத்து, கேட்போன் வேண்டும்போது விரித்தல். இங்கு இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. இவ்விதியினால் 281 இலட்சம் கோடி மண்டலங்களைப் பெற்றிருக்கலாம் என்பது ஆசிரியர்தம் கணக்கு. அத்துணை பெருக்கம் படைப்பின் செயற்கைத் தன்மையை வெளிப்படுத்திவிடும் என்று கருதிய பதிப்பாளர் எட்டு போதும் என்றனர். ஆசிரியனின் ஆர்வத்தைப் பதிப்பாசிரியன் மட்டுப்படுத்தியதால் நூல் சிறந்தது என்று துணிந்து கூறத்தக்க அரிய இடங்களுள் இது ஒன்று.

வழிநூல் குற்றமாகாது

இக்கால விளையாட்டுகளைப் பற்றிய எழுத்துகளில் இருவகைப் பேச்சுகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. படுக்கையறையில் தனித்திருந்து யாருடைய துணையுமின்றி ஓர் இளைஞன் புத்துலகைப் படைத்தான் என்பது ஒன்று. அமெரிக்க, ஜப்பானியக் காசு விளையாட்டுகளைப் படியெடுத்ததன்றி இவர்கள் செய்தது ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முதற்கூற்று ஆக்கியோனைத் தெய்வமாக்குகிறது. இரண்டாவது அவனைத் திருடனாக்குகிறது. இரண்டுமே 'புதிது' என்பதனை மட்டும் படைப்பின் அளவுகோலாகக் கொண்ட ஐரோப்பியப் புனைவியல் கோட்பாட்டின் விளைவுகள்.

முதல், வழி, சார்பு என நூலை மூன்றாகப் பகுத்த நம் மரபில் இச்சிக்கல் எழுவதே இல்லை. வழிநூல் செய்தல் குற்றமன்று. முன்னோர் நூலின் முடிபுகளை ஏற்று, தனக்கு வேண்டிய விகற்பத்தையும் சேர்த்துச் சொல்வது வழிநூலுக்கு இலக்கணம். வழியை மறைத்தலே குற்றம். அதனாலன்றோ 'வழி' என்பது பாயிரத்துள் ஆக்கியோன் பெயரை அடுத்தே வைக்கப்பட்டது!

மேத்யூ ஸ்மித் 1983இல் ஆக்கிய 'மேனிக் மைனர்' அமெரிக்கரான பில் ஹோகின் 'மைனர் 2049அர்' என்னும் விளையாட்டின் வழிவந்தது. சுரங்கமும் தளம்தளமாகத் தாவும் சுரங்கத் தொழிலாளியும் அங்கிருந்து பெற்றவை. ஆனால் இருபது குகைகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு புதிராகக் கட்டமைத்து, மூச்சுக்காற்றுக் குறைந்துகொண்டே வருவதைத் திரையின் அடியில் காட்டி, பின்னணியில் இசை இடையறாது ஒலிக்கச் செய்தது ஸ்மித்தின் விகற்பம். அப்போது பதின்பருவம் கடவாத அவர் ஏறத்தாழ எட்டு வாரத்தில் இதனை முடித்தார். இதன் நகைச்சுவை லிவர்பூல் வட்டாரத்துக்கே உரியது. அமெரிக்க மூலத்தில் அதன் சாயல் இல்லை. மூலத்தைக் காட்டிலும் வழிநூல் நிலைபெற்றதற்கு நம்மிடம் கம்பராமாயணம் இருக்க, இதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

உரைவழி விளையாட்டுகளில் வழி என்பது இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. திரையில் படம் ஏதுமின்றிச் சொற்களாலேயே இடங்களை விவரித்து, ஆடுவோன் சொற்களாலேயே கட்டளையிட இயங்குபவை இவை. அமெரிக்காவில் வில் குரோதர், தாம் நேரில் அறிந்த கென்டக்கிக் குகையை அடிப்படையாகக் கொண்டு 1976 அளவில் 'அட்வெஞ்சர்' என்பதனை எழுதினார். 1977இல் டான் உட்ஸ் அதனை விரித்தார். பெருங்கணினிக்கென எழுதப்பட்ட அதனை, இங்கிலாந்தின் ஆஸ்டின் உடன்பிறப்புகள் தங்கள் லெவல் 9 நிறுவனத்தின் வாயிலாக 1982–83 அளவில் 'கொலோசல் அட்வெஞ்சர்' என்னும் பெயரில் வீட்டுக் கணினிக்குக் கொணர்ந்தனர். அடிக்கடி பயிலும் எழுத்துத் தொடர்களை ஒற்றைக் குறியீடாக மாற்றி உரையைச் சுருக்கினர். சுருக்கியதோடு அமையாது, இறுதியில் எழுபது இடங்களைப் புதிதாகச் சேர்த்தனர். ஒரே படைப்பில் தொகுத்தலும் விரித்தலும் நிகழ்ந்துள்ளன. குரோதர், உட்ஸ், ஆஸ்டின் சகோதரர் எனச் செல்லும் இம்மரபில் 'தனியன்' எங்கே? குடும்பமே கூடித் தொழில் செய்தது. ஜெஃப் மின்டரின் லாமாசாஃப்ட் நிறுவனத்திலும் அவர் தாயாருக்குப் பெரும்பங்கு உண்டு. தனியர் என்பதற்குப் பெருநிறுவனச் சார்பின்றி இயங்கியோர் என்று பொருள்கொள்வதே தக்கது, தனித்திருந்தோர் என்பதன்று.

கிரேம் யேன்டில் 1983இல் ஆக்கிய 'தி குவில்' என்பதனை இவ்விடத்தில் குறிப்பிடாதிருக்க இயலாது. அது விளையாட்டன்று, உரைவழி விளையாட்டுகளை ஆக்குவதற்கான கருவி. நிரல் அறியாதோரும் இதனைக் கொண்டு நூற்றுக்கணக்கில் விளையாட்டுகளை எழுதினர். பாட்டியல் நூல்கள் பெருகிய காலத்தில் சிற்றிலக்கியங்கள் பெருகியது போன்றதே இது. தரம் எவ்வாறிருந்தது என்பதற்கும் அதே உவமை போதுமானது.

மெல் குரோச்சர் 1984இல் வெளியிட்ட 'டியூஸ் எக்ஸ் மெஷினா', கருவுறுதல் முதல் இறப்பு வரையிலான மனித வாழ்வைப் பருவம் பருவமாகக் காட்டுவது. தனியே ஓர் ஒலிநாடாவில் பதிந்த குரலும் இசையும் திரைக்காட்சியோடு இணைந்து ஓடவேண்டும். பிள்ளைத்தமிழின் பருவப் பாகுபாட்டோடு இதனை ஒப்பிட எவர்க்கும் தோன்றும். ஆயினும் அவ்வொப்பீடு மேலோட்டமானது. பிள்ளைத்தமிழில் இறப்பு இல்லை. குரோச்சரின் முயற்சி துணிவுடையது, விளையாட்டென்ற அளவில் தளர்ந்தது, வணிகத்தில் தோற்றது. ஆடுவோன் செய்யும் செயலுக்கும் கேட்கும் உரைக்கும் இடையே போதிய தொடர்பில்லை என்பதே அதன் அடிப்படைக் குறை என்பது என் கருத்து.

பரண் அறையில் ஒரு பாடபேதம்

மேனிக் மைனரின் தொடர்ச்சியாக ஸ்மித் 1984இல் ஆக்கிய 'ஜெட் செட் வில்லி' பதிப்பியல் பயில்வோர்க்கு ஒரு பாடநூலே ஆகும். பெருஞ்செல்வனாகிவிட்ட சுரங்கத் தொழிலாளி தன் மாளிகையின் அறைதோறும் சென்று, விருந்துக்குப் பின் சிதறிக்கிடக்கும் பொருள்களைச் சேர்க்க வேண்டும். ஆனால் வெளியான வடிவில் விளையாட்டை முடிக்க இயலவில்லை. பரண் அறைக்கு ஒருமுறை சென்று வந்தால், அதன்பின் வேறு சில அறைகளில் நுழைந்தவுடனே வில்லி இறந்துபடுவான். பரணில் பறக்கும் அம்பு ஒன்றின் இருப்பிடம் திரைக்குரிய எல்லையைத் தாண்டி, நினைவகத்தின் பிற பகுதியில் எழுதிவிடுவதே காரணம். ஏட்டில் ஒரு வரியின் மை அடுத்த ஏட்டில் படிந்து அங்குள்ள எழுத்தைச் சிதைப்பது போன்றது.

பிழை வெளிப்பட்டபோது வெளியீட்டு நிறுவனம் முதலில் அதனை ஒப்பவில்லை. அவ்வறைகளில் நச்சுக்காற்று நிரம்பியிருக்கிறது, இது வேண்டுமென்றே வைக்கப்பட்ட இடர் என்று விளக்கம் தந்தது. பின்னரே திருத்தங்களை வெளியிட்டது. ஏடெழுதுவோரால் நேர்ந்த பிழையையே பாடமாகக் கொண்டு, அதற்கு நயமான உரையும் வகுத்த உரையாசிரியர்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். பிழைபட்ட பாடத்திற்கு எழுந்த உரை சில வேளைகளில் மூலத்தைவிடச் சுவையாக அமைந்துவிடுவதும் உண்டு. நச்சுக்காற்றுக் கதை அத்தகையது.

மேனிக் மைனரும் இரு பதிப்புகளை உடையது. முதலில் பக்-பைட் நிறுவனமும் பின்னர் சாஃப்ட்வேர் புராஜக்ட்ஸ் நிறுவனமும் வெளியிட்டன. இரண்டிலும் சில உருவங்கள் வேறுபடுகின்றன. எந்தக் குகைக்கும் நேரே செல்ல உதவும் மறைச்சொல் முதற்பதிப்பில் 6031769 என்னும் எண். இரண்டாம் பதிப்பில் தட்டச்சுப் பொறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அவ்வெண் ஸ்மித்தின் ஓட்டுநர் உரிம எண்ணைத் தழுவியது என்பர். அவ்வாறாயின் அதனை ஆசிரிய முத்திரை என்றே கொள்ளவேண்டும். ஞானசம்பந்தர் பதிகந்தோறும் திருக்கடைக்காப்பில் தம் பெயரை வைத்தார். நிறுவனம் பெயர் தர மறுத்தபோது, அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்திற்காக 'அட்வெஞ்சர்' என்னும் அதே பெயரில் வேறொரு விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், யாரும் காணாத அறை ஒன்றில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். ஆக்கியோன் பெயர் பாயிரத்தில் இடம்பெறாதபோது அது நூலுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

இரண்டாம் பதிப்பை மட்டும் பார்த்தவர் இம்முத்திரையை அறியார். எப்பதிப்பு, எவ்வாண்டு, எக்கணினிக்குரியது என்பனவற்றைக் குறிக்காமல் இவ்விளையாட்டுகளைப் பற்றி எழுதுவது, எந்தப் பதிப்பு எனக் கூறாமல் சங்கப் பாடலின் பாடத்தை மேற்கோள் காட்டுவதற்கு ஒப்பாகும். திருவனந்தபுரத்தில் தமிழ்த்துறைத் தலைமை ஏற்றிருந்த எஸ். வையாபுரிப்பிள்ளை வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய நெறியும் இதுவே. நாடா தேய்கிறது, காந்தப்பூச்சு உதிர்கிறது. செல்லரித்த சுவடிக்கும் இதற்கும் வேறுபாடு பொருளில்தான், நிலையாமையில் இல்லை. இங்கிலாந்தில் ஆர்வலர் பலர் நாடாக்களைத் தேடியெடுத்து எண்ணிம வடிவிற்கு மாற்றி, பழைய கணினியைப் புதிய கணினியில் போலச்செய்து காட்டும் மென்பொருள்களையும் ஆக்கியதனால் பல்லாயிரம் விளையாட்டுகள் இன்றும் ஆடத்தக்கனவாக உள்ளன.

களம்

களம் என்பது நூல் அரங்கேறிய அவை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனார் பாயிரம் தருகிறது. அவ்வாசானின் ஊர் இன்றைய குமரி மாவட்டத்து அதங்கோடு என்பது இப்பகுதி வழக்கு. பிரித்தானிய விளையாட்டுகளுக்கு அரசவை இல்லை, கடைத்தெருவே களம். வீட்டிலேயே நாடாவைப் படியெடுத்து, கணினி இதழில் சிறு விளம்பரம் தந்து அஞ்சலில் அனுப்புவதும், கணினிக் கண்காட்சிகளில் மேசையிட்டு விற்பதுமாகத் தொடங்கியது. பின்னர் மாஸ்டர்ட்ரானிக் போன்ற நிறுவனங்கள் 1.99 பவுண்டு விலையில் செய்தித்தாள் கடைகளிலேயே அவற்றைக் கிடைக்கச் செய்தன.

சென்னைக் குஜிலிக் கடைகளில் காசு விலைக்கு விற்ற சிந்து, கும்மி நூல்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' (2004) என்னும் நூலில் ஆராய்ந்த பின்னரே அவற்றின் வரலாற்று மதிப்பு பலர்க்கும் புலனாயிற்று. ஆக்கியோனும் அச்சிடுவோனும் விற்போனும் நெருங்கி நின்ற உலகம் அது. எம் பகுதியிலேயே ஆரியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் பல்லாண்டு கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளாக்கிய ஆ. மாதவனை (1934–2021) எண்ணிப் பார்க்கலாம். 2015இல் சாகித்திய அகாதெமி விருது கிடைக்கும் வரை அவரைப் பொருட்படுத்தாத தமிழ்த்துறைகள் பல. கடைத்தெருவிலிருந்து வரும் ஆக்கத்தைக் கல்விப்புலம் காலம் தாழ்த்தியே காண்கிறது.

எல்லை

எலீட்டைத் தாங்கிய அதே பி.பி.சி. மைக்ரோ, நடுவண் அரசின் 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் 1984–85இல் இந்தியப் பள்ளிகள் 250இல் நிறுவப்பட்டது. ஸ்பெக்ட்ரத்தின் உரிமம் பெற்ற வடிவம் 1986இல் டெசிபல்ஸ் நிறுவனத்தால் இந்தியச் சந்தைக்கு வந்தது. கருவி இருந்தும் ஸ்மித்தும் பெல்லும் இங்கே தோன்றாமைக்குக் காரணம் அறிவுக்குறைபாடு அன்று. பள்ளியில் பூட்டிய அறைக்குள் இருந்த கணினி, வாரத்தில் சில மணிநேரமே மாணவன் கைக்கு எட்டியது. இங்கிலாந்துச் சிறுவனுக்கோ அது இரவு முழுவதும் வீட்டிலேயே கிடந்தது. 'வீட்டுக் கணினி' என்னும் தொடரில் வீடு என்பதே முதன்மைச் சொல்.

தமிழருள் வீட்டில் கணினி வைத்திருக்க இயன்றோர் பெரும்பாலும் கடல்கடந்து வாழ்ந்தவர்கள். அவர்களும் படைத்தனர், ஆனால் விளையாட்டையன்று, எழுத்தை. கனடாவில் முனைவர் ஸ்ரீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்பதனைத் தொடங்கினார். சிங்கப்பூரில் சிறுகதையாசிரியரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டபோது தமிழும் தன் எழுத்திலேயே தோன்ற அவர் பணி காரணமாயிற்று. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1990களின் முற்பகுதியில் 'மயிலை' எழுத்துருவை அளித்து, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார்.

பிரித்தானிய நிரலன் கணினியைத் திறந்தபோதே அவன் எழுத்து அதனுள் இருந்தது. ஆகவே அவன் நேரே கதைக்குச் சென்றான். தமிழனுக்கு எழுத்தே முதலாகச் செய்யவேண்டியிருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டமே இடம். பயனர் தாமே வரைந்து சேர்க்கத்தக்க உருவங்கள் 21. தமிழின் 247 எழுத்துகளுள் 'ணௌ' போன்ற ஒன்றை அவ்வகலத்தில் அடக்குவதெங்ஙனம்? பின்வந்த கணினிகளிலும் ஒரு பைட் தரும் 256 இடங்களுள் பாதி ஆங்கிலத்திற்குரியது. எஞ்சிய பாதிக்குள்ளேயே பலர் தமிழை அமைத்தனர். எந்த எழுத்தை ஒற்றை வடிவாக வைப்பது, எதனைத் துணைக்குறிகளால் கூட்டுவது என்னும் தெரிவு ஒவ்வொரு ஆக்கியோனிடமும் வேறுபட்டது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் சுமையைச் சிறிது குறைத்தது. எழுத்ததிகாரம் எண், பெயர், முறை, பிறப்பு, உருவம், மாத்திரை என எழுத்தைப் பகுத்துணர்த்துவது. அதன் 'உருவ'த்தை மின்னணுவில் முதன்முதலாக எழுதியோர் இவர்களே. அவர்தம் தெரிவுகளை இலக்கண ஆய்வாகவே கருதவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நூற்பெயர்களை நோக்குக. மயிலை ஊர்ப்பெயர். முரசு என்பது ஆக்கியோனின் தந்தையாரும் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்தவருமான முரசு நெடுமாறனின் பெயரோடு இயைந்தது. கணியன் சங்கப் புலவனை நினைவூட்டுவது. மரபறிந்தோர் வைத்த பெயர்கள் இவை. எல்லையோ வேங்கடத்திற்கும் குமரிக்கும் புறத்தே உள்ளது. நால்வரும் தமிழகத்திற்கு வெளியிலிருந்தே செய்தனர். 1956இல் மாநில எல்லைக்கு அப்பால் நின்றுபோன திருவனந்தபுரத்திலிருந்து எழுதும் நமக்கு இது வியப்பளிப்பதில்லை.

ஆயினும் நம் கணித்தமிழ்ப் பாடநூல்கள் இவர்களை ஒருவரியில் பெயர்ப்பட்டியலாகவே தருகின்றன. மேனிக் மைனரின் இரு பதிப்புகளுக்கிடையே மாறிய உருவங்களை இங்கிலாந்தில் எண்ணிக் குறித்துள்ளனர். ஆதமியின் ஒரு பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்த தமிழ்த்துறை ஆய்வேடு எது? இழப்பு மென்பொருளோடு நிற்பதில்லை. தனித்தனிக் குறியேற்றங்களில் தட்டச்சான கதைகள், கட்டுரைகள், ஆய்வேடுகள் அவ்வவ்வெழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. 1999இல் தாம், தாப் குறியேற்றங்களும், 2010இல் யூனிகோடும் அரசின் ஏற்பைப் பெற்றபோது, பழையன பெயர்த்தெழுதப்படாமலே வட்டில் கிடந்தன. வட்டெழுத்தைப் படிக்கக் கல்வெட்டறிஞர் உண்டு. இவற்றைப் படிக்க அவ்வக்குறியேற்றத்தின் இலக்கணம் அறிந்தோர் வேண்டும்.

வெண்பா

எழுத்து நிலைபெற்ற பின்னரே தமிழில் கதை விளையாட்டு வரமுடியும் என்பதற்குச் சான்றுபோல் 2023 ஜூலையில் கனடாவின் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' வெளிவந்தது. விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினரின் ஆக்கம் இது. அதன் வடிவமைப்பாளர் அபி. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்வைச் சமையல் வழியாகச் சொல்கிறது. 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் பாஃப்டா விருதினை அறிமுகப் படைப்பு என்னும் பிரிவில் இது பெற்றது. ஸ்மித், குரோச்சர் முதலியோர் தொடங்கிய சிறுகுழு மரபை அந்நாடு போற்றும் அவையிலேயே ஒரு தமிழ்ப்பெயர் ஒலித்தது.

இதன் மையச் செயல் பாடமீட்பு. தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. சில படிகள் அழிந்துள்ளன. ஆடுவோர் எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு, இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் எதனை முதலில் இடுவது என்று உய்த்துணர்ந்து விடுபட்ட பாடத்தை நிரப்ப வேண்டும். தவறாக நிரப்பினால் உணவு கெடும், மீண்டும் தொடங்கலாம். உ.வே.சா. சுவடிகளில் செய்ததைச் சமையலறையில் செய்யுமாறு ஒரு விளையாட்டு நம்மைப் பணிக்கிறது. இறுதிப் பகுதியில் ஏட்டைக் கையில் எடுப்பவன் தமிழில் தடுமாறும் கவின். விளையாட்டு மிகச் சிறிது, இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். புதிர்களும் கடினமானவை அல்ல. ஜெட் செட் வில்லியின் கொடுமையை விரும்புவோர்க்கு இது நிறைவளிக்காது. ஆனால் செயலும் பொருளும் இதில் ஒன்றாகி நிற்கின்றன. குரோச்சரிடம் இல்லாதது இதுவே.

ஆக்கியோன் தன்னைத்தானே புகழாமை கருதி, அவனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோருள் ஒருவர் பாயிரம் செய்யவேண்டும் என்பது நன்னூல் விதி. பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன்கற்றவர் என்பது மரபு. ஆதமி, முரசு, கணியன், மயிலை ஆகியவற்றில் முதன்முதலாகத் தமிழ் தட்டச்சுக் கற்று, தம் முதற்கட்டுரையை அவற்றிலேயே எழுதிய தலைமுறையினர் இன்றும் துறைகளில் பணியாற்றுகின்றனர். அவர்களுள் சிலர் அவ்வாண்டு நெகிழ்வட்டுகளை இன்னும் எறியாமல் வைத்திருக்கின்றனர்.